யூரியா தின்ற டிராக்டர்

கம்பத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது மேலக்கொடிப்பட்டி. அந்த ஊர்க்காரர்களுக்குப் புத்தி கம்மி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஆளாளுக்குத் தாராளமாகவே இருந்தது. எடுத்துச் செலவழிப்பதில்தான் ரொம்பச் சிக்கனம்.

அந்தச் சிக்கனக்காரர்களில் முதல் ஆள் சுருளியாண்டி. அவனுக்கு அரை ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருந்தது. அவனுக்கு என்று சொல்வது கூட ஒரு மரியாதைக்குத்தான். பத்திரத்தில் இருந்த பெயர் அவன் மனைவி வனத்தாயியுடையது. அவள் அப்பா எழுதிவைத்துவிட்டுப் போன சொத்து. ஆனால் ஒவ்வொரு கல்தூணையும் ஊன்றி, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, ஒவ்வொரு கொடியையும் கைபிடித்து மேலே ஏற்றிவிட்டவன் சுருளியாண்டிதான். தோட்டத்துக்குள் ஒரு நடை போய்வந்தால்தான் அவனுக்குச் சாப்பிட்டது செரிக்கும்.

அந்த வருஷம் பழைய கொடிகளைக் கவாத்து வெட்டிப் பத்து நாளாகியும் உழவு ஓடவில்லை. வாடகைக்கு உழுகிற ஆள் நாளைக்கு, நாளைக்கு என்று நாளை இழுத்துக்கொண்டே போனான். வனத்தாயி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு வியாழக்கிழமை காலையில் சோற்றுத் தட்டை வைத்த கையோடு விஷயத்தையும் வைத்துவிட்டாள்.

"இந்தா பாருங்க. சொந்தமா ஒரு சின்ன டிராக்டரு வாங்கிருவோம். நம்ம பந்தலுக்குள்ள நொழையுற அளவாப் பாத்து வாங்கிட்டு வாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள தோட்டம் உழுதிருக்கணும். இல்லையின்னா என் தம்பி சின்னமாயனுக்குக் குத்தகைக்கு விட்டுருவேன். நீங்க அவன்கிட்டக் காவலுக்கு இருந்துக்கங்க."

சுருளியாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. சின்னமாயன் அடுத்த தோட்டத்துக்காரன். ஏற்கெனவே வேலியோரம் நின்று அக்கா தோட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற பழக்கம் உள்ளவன். தன் கையால் நட்ட கொடிக்குத் தானே காவல் இருந்து, அந்தப் பயலை மொதலாளி என்று கூப்பிடுவதா? நினைத்ததுமே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே தன் கூட்டாளிகள் மூன்று பேரையும் கூட்டினான். ஒருவன் ஜக்கையன், எதையும் யோசித்துத்தான் பேசுவான், அதனால்தான் ஆபத்து. இன்னொருவன் ஒச்சப்பன், எதிலும் ஒரு சந்தேகம் கேட்காமல் விடமாட்டான். மூன்றாமவன் மொக்கச்சாமி. அவனுக்குப் பேச்சு குறைவு, முடி அதிகம். தலையில் சுருட்டைமுடி நாலு விரல் உயரத்துக்கு நிற்கும்.

"பந்தலோட உசரத்த அளந்துக்கிட்டுப் போகணும்ப்பா" என்றான் சுருளியாண்டி. "வீட்டுல இரும்பு டேப்பு கெடக்கு. எடுத்துட்டு வரவா?"

"அது ஆகாதுண்ணே" என்றான் ஜக்கையன். "அந்த டேப்ப நம்ப முடியாது. இழுக்கையில ஆறடி இருக்கும், கைய விட்டா சர்ருன்னு ஒண்ணுமில்லாமப் போயிரும். என் கண்ணால பாத்திருக்கேன்."

"அப்ப எதை வச்சு அளக்குறது?" என்று ஒச்சப்பன் சந்தேகம் கேட்டான்.

ஜக்கையன் ஒரு பீடி தீர்கிற மட்டும் யோசித்தான். பிறகு மொக்கச்சாமியைப் பந்தலுக்குள் கூட்டிப்போய் நிறுத்தினான். அவன் முடி கம்பியில் பட்டும் படாமலும் உரசியது. "இந்தா நிக்கிது அளவு. இவன் சுருங்க மாட்டான்" என்றான். மற்ற இருவரும் அந்த அறிவை மெச்சிக்கொண்டார்கள். மொக்கச்சாமியும் மெச்சிக்கொண்டான்.

சனிக்கிழமை நாலு பேரும் தேனிக்கு பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் பாதி சீட் காலி. ஆனாலும் மொக்கச்சாமியை உட்கார விடவில்லை. உட்கார்ந்தால் அளவு குறைந்துவிடும் அல்லவா? கண்டக்டர் இரண்டு முறை வந்து, "இடம் கெடக்கே, உக்காருங்கய்யா" என்றார். "அது ஆளு இல்லைங்க, அளவு" என்று சுருளியாண்டி விளக்கினான். கண்டக்டர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

டிராக்டர் கடையில் செலின் என்ற பெண் விற்பனைப் பொறுப்பில் இருந்தாள். ஆறு வருஷ அனுபவம். எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளரையும் சமாளித்துவிடுவேன் என்று அன்று காலை வரை நம்பிக்கொண்டிருந்தவள்.

"உங்களுக்கு எவ்வளவு உயரத்துல வேணும்?" என்று கேட்டாள்.

"இவ்வளவு" என்று மொக்கச்சாமியை முன்னால் தள்ளினார்கள்.

அவன் ஒவ்வொரு டிராக்டர் பக்கத்திலும் போய் விறைப்பாக நின்றான். ஒன்று உடம்பு பெரிதாக இருந்தது. ஒன்றில் உடம்பு சரி, புகைக்குழாய் அவன் தலைக்கு மேலே ஒரு முழம் போனது. கடைசியில் செலின், சிவப்பாக, குட்டையாக ஒன்றைக் காட்டினாள். "இது தோட்டத்துக்குன்னே வந்த மாடல். புகைக்குழாய் மேல போகாது, பக்கவாட்டுல கீழ போகும். அகலமும் கம்மி. தூணுக்கு நடுவுல லகுவாத் திரும்பும். இருபத்தெட்டு குதிரைசக்தி."

ஜக்கையன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். நிமிர்ந்து, "எங்களுக்கு இருக்கிறதே அரை ஏக்கரு தாயி. எட்டுக் குதிரை போதும். மிச்சம் இருபதை இங்கனக்குள்ளயே எறக்கி வச்சுக்கங்க. வண்டி கனமும் கொறையும்" என்றான்.

செலின் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். "அப்படியெல்லாம் பிரிச்சுக் கொடுக்கிறதில்லீங்க."

வண்டியைக் கிளப்பிக் காட்டினாள். ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாய் வாயில் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, விரித்துக் காட்டினாள். பொட்டுக் கறுப்பு இல்லை. நாலு பேரும் வாயைப் பிளந்தார்கள்.

"இதுல ஒரு வடிகட்டி இருக்கு. டீசல் எரியும்போது வர்ற கரியெல்லாம் வெளிய போகாம அதுலயே தங்கிடும். நல்லா வேலை கொடுத்தீங்கன்னா, அந்தச் சூட்டுலயே கரி எரிஞ்சு போயிடும். வேலை இல்லாம சும்மா ஓட விட்டீங்கன்னா சீக்கிரம் அடைச்சுக்கும். அப்போ இந்த மஞ்ச விளக்கு எரியும். எரிஞ்சா வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காம, இந்த பட்டனை அமுக்கிட்டுத் தள்ளிப் போயிடணும். அரை மணி நேரத்துல தானே சூடேறி சுத்தம் பண்ணிக்கும். குழாய் ரொம்பச் சுடும். பக்கத்துல ஆளும் நிக்கக்கூடாது, வைக்கோல் சருகும் இருக்கக்கூடாது."

"அந்தா நிக்குதே பெரிய வண்டி, அதுக்கும் இதே வைத்தியந்தானா?" என்று ஒச்சப்பன் சந்தேகம் கேட்டான்.

"அந்த மாதிரி பெரிய வண்டிக்கு இன்னொண்ணும் உண்டு. புகையில இருக்கிற நச்சுக் காத்தைக் குறைக்க, யூரியாக் கரைசல்னு தனியா வாங்கி ஊத்தணும். உங்க சின்ன வண்டிக்கு யூரியா தேவையில்லை."

அவள் சொன்னது அவ்வளவுதான். ஆனால் நாலு பேரும் திராட்சைக்காரர்கள். யூரியா போட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குச் செலின் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பாத்தியாண்ணே சூட்சமத்தை" என்று ஜக்கையன் வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினான். "யூரியா வச்ச வண்டி பெருசா நிக்குது. வைக்காத வண்டி சின்னதா நிக்குது."

"அப்ப நம்ம வண்டிக்கு யாராச்சும் தெரியாம வச்சுட்டா?" என்றான் ஒச்சப்பன்.

"வளந்துரும். பந்தலுக்குள்ள போகாது."

தினம் காலையில் மொக்கச்சாமியை வைத்து வண்டியை அளந்து பார்ப்பது என்று அங்கேயே முடிவு செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டிராக்டர், அஞ்சு கொத்துக் கலப்பையோடு ஊருக்கு வந்தது. அளந்தார்கள், மொக்கச்சாமியின் முடிக்குச் சரியாக இருந்தது. சுருளியாண்டி குலசாமியைக் கும்பிட்டு ஏறி உட்கார்ந்து, பந்தலுக்குள் ஓட்டினான். வண்டி அழகாக உள்ளே போனது. சுருளியாண்டியின் தலைப்பாகை கம்பியில் தொங்கியபடி வெளியே நின்றுவிட்டது. இன்னும் இரண்டடி போயிருந்தால் தலையும் அங்கேயே நின்றிருக்கும்.

வண்டியை அளந்தவர்கள் ஓட்டுகிறவனை அளக்கவில்லை. நாலு பேரும் வரப்பில் உட்கார்ந்து பேசினார்கள்.

"பந்தலத் தூக்கணும்" என்றான் ஒச்சப்பன்.

"இல்லாட்டி அண்ணனை எறக்கணும்" என்றான் ஜக்கையன். "அண்ணனை எறக்குறதுதான் சுளுவு."

அதன்படி சுருளியாண்டி ஸ்டீயரிங்கில் கன்னத்தை வைத்துக் குனிந்துகொண்டு ஓட்டப் பழகவேண்டியது என்று முடிவாயிற்று. அவன் பழகத் தொடங்குவதற்குள் ஊர் திரண்டுவிட்டது. புகையில்லாத வண்டி வந்திருக்கிறது என்று ஜக்கையன் டீக்கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

யாரும் சும்மா நம்பவில்லை. ஆளுக்கொரு வெள்ளைத் துணியோடு வந்தார்கள். ஒருவர் துண்டை நீட்டினார், ஒருவர் வேட்டியையே அவிழ்த்து நீட்டினார். துணி வெள்ளையாகத் திரும்பி வரும்போதெல்லாம் சுருளியாண்டிக்கு உச்சி குளிர்ந்தது. ஞாயிறு முழுக்க, திங்கள் மத்தியானம் வரைக்கும், வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ஒரு சால் உழவில்லை. அந்தப் பெண் எதைச் செய்யாதே என்று சொன்னாளோ அதை ஊரே கூடி நின்று செய்து முடித்தது.

திங்கள் மத்தியானம் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"சொன்னாப்புல எரிஞ்சிருச்சு! பட்டன அமுக்கணும்" என்று சுருளியாண்டி கையை நீட்டினான். ஒச்சப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பொறுண்ணே. பக்கத்துல வைக்கோல் இருக்கக் கூடாதுன்னுச்சே அந்தப் புள்ள."

வண்டிக்குப் பத்தடி தள்ளிச் சின்னமாயனின் வைக்கோல் படப்பு நின்றது. ஆள் உயரத்துக்கு மூன்று பங்கு.

வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சுருளியாண்டிக்குக் கூட ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் ஜக்கையன் தலையை ஆட்டினான். "விளக்கு எரிஞ்சா வண்டிய நிறுத்தணும்னுதான் சொல்லுச்சு. ஓட்டச் சொல்லல."

ஆகவே படப்பை நகர்த்தினார்கள். கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து, வேலியைத் தாண்டிக் கொண்டுபோய் அடுக்கினார்கள். பொழுது சாயப்போகிற நேரத்தில்தான் முடிந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. அதுவரை வண்டியும் அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டே இருந்தது.

"இப்ப நாம தள்ளிப் போகணும்" என்றான் சுருளியாண்டி.

"எம்புட்டுத் தூரம் தள்ளி?" என்றான் ஒச்சப்பன்.

அதை யாரும் கேட்டு வைக்கவில்லை. வேலிவரை போதும் என்றான் ஒருவன். ரோடுவரை என்றான் ஒருவன். ஆபத்தான விஷயத்தில் தாராளமாக இருப்பதே நல்லது என்று ஜக்கையன் தீர்ப்புச் சொன்னான். சுருளியாண்டி பட்டனை அமுக்கினான். நாலு பேரும் ஓடிப்போய்க் கம்பம் பஸ்ஸில் ஏறினார்கள். போகும் வழியில் மொக்கச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. விளக்கு நல்லபடியாக அணைந்தால் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டான்.

கம்பத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். விளக்கு அணைந்திருந்தது. வண்டி தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. அந்த ஊரிலேயே சொன்னதைச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை மொக்கச்சாமி முருகன் கோயிலுக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தான். துணைக்கு மற்ற மூவரும் போனார்கள். அந்த நாளும் போயிற்று.

புதன்கிழமை காலை, உழுவதற்கு முன்னால் வண்டியை அளக்க வேண்டுமே என்று மொக்கச்சாமியைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மொட்டைத் தலை சந்தனத்தில் பளபளத்தது. சுருளியாண்டி பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

வண்டி நாலு விரல் வளர்ந்திருந்தது.

"அய்யய்யோ, குடி முழுகிப் போச்சே!" என்று அவன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜக்கையன் வண்டியைச் சுற்றி வந்தான். பின்சக்கரத்தை ஒட்டி, கொடிக்கு வைக்க வாங்கிப் போட்டிருந்த யூரியா மூட்டை சாய்ந்து கிடந்தது. ஓரத்தில் கிழிசல். கீழே வெள்ளை வெள்ளையாய்ச் சிதறியிருந்தது.

"தின்னுருக்கு" என்றான் ஜக்கையன்.

"எலி கடிச்சிருக்குமோ?" என்று ஒச்சப்பன், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, நியாயமான சந்தேகத்தைக் கேட்டான்.

"எலி தின்னா எலியில்ல வளந்திருக்கணும்? எந்த எலியாச்சும் வளந்து நிக்கிதா பாரு."

ஒச்சப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். வளர்ந்த எலி எதுவும் கண்ணில் படவில்லை. மொக்கச்சாமி மட்டும் தன் மொட்டையைத் தடவிக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவ்வளவு பெரிய விஷயம் நடக்கும்போது நாம் எதற்கு நடுவில் என்று அவனும் விட்டுவிட்டான்.

வளர்ந்ததை எப்படிக் குறைப்பது? பட்டினி போட்டால் யாரும் இளைப்பார்கள் என்று ஜக்கையன் சொன்னான். டேங்கில் இருந்த டீசலைச் சொட்டு விடாமல் கேனில் பிடித்து வைத்தார்கள். யூரியா மூட்டையை ஊரின் மறுகோடிக்குச் சுமந்துபோய், ஒச்சப்பன் வீட்டுப் பரணில் ஏற்றினார்கள். புதன்கிழமை முழுக்க வண்டியைப் பட்டினி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

வியாழன் காலை அளந்தார்கள். ஒரு விரற்கடை கூட இளைக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் சின்னமாயன் வந்து நின்றான். இடம் மாறிப்போன படப்பைப் பற்றிக் கூட அவன் சண்டை போடவில்லை. உழவு ஓடாத தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தான். "மாமா, காவலுக்கு வர்றவுகளுக்கு ஒரு டார்ச் லைட்டு வாங்கி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சுருளியாண்டி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டான். இருபது வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டம். நாளை பொழுது சாய்ந்தால் வேற்றாளுடையது.

"ஆனது ஆகட்டும், ஒரு தடவ உள்ள தள்ளிப் பாப்போம்ண்ணே" என்றான் ஒச்சப்பன். நாலு பேருமாகச் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி பந்தலுக்குள் போய்விட்டது. எங்கும் இடிக்கவில்லை.

நாலு பேரும் மேலே பார்த்தார்கள். நாலு விரல் வளர்ந்த வண்டி எப்படி நுழைந்தது? ஜக்கையன் கொடியைத் தொட்டுப் பார்த்தான். கவாத்து வெட்டிய கணுவில் பச்சைப் பச்சையாய்த் துளிர் விட்டிருந்தது.

"பந்தலும் வளந்திருக்குண்ணே!" என்று அவன் கத்தினான். "போன போகத்துல இதுக்கும் யூரியாதான வச்சோம்!"

சுருளியாண்டி ஜக்கையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பிறகு டீசல் கேனை எடுக்க ஓடினான். ஜக்கையன் குறுக்கே பாய்ந்தான்.

"காரியத்தக் கெடுத்துராதண்ணே! பட்டினி கெடந்த வண்டி. இப்ப டீசல ஊத்துனா ஒடம்பு தேறி நடுத்தோட்டத்துல வளந்து நின்னுக்கிரும். பந்தலப் பிரிச்சாத்தான் வெளிய எடுக்க முடியும். உழுது முடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டுக் காட்டக் கூடாது."

சொல்வதில் நியாயம் இருந்தது. அவர்கள் கணக்குப்படி இருந்தது. கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து வண்டியின் முன்னால் கட்டினார்கள். கலப்பையை மண்ணில் இறக்கினார்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்துத் துண்டால் இறுக்கினார்கள். சுருளியாண்டியும் மொக்கச்சாமியும் முன்னே, அவர்களுக்குப் பின்னே ஜக்கையனும் ஒச்சப்பனும் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். கயிறு தோளை அறுத்தது. வண்டி ஒரு சாண் நகர்ந்தது. பிறகு ஒரு முழம். கலப்பையின் அஞ்சு கொத்தும் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தன.

சால் முடிகிற இடத்தில் கலப்பையைக் கையால் தூக்கி, வண்டியைப் புரட்டித் திருப்பி, மறுபடி இறக்கினார்கள். வியாழன் முழுக்க இழுத்தார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபடி இழுத்தார்கள். சுருளியாண்டிக்கு நாக்கு தள்ளியது. ஆனால் சாலுக்குச் சால் மண் புரண்டு கிடப்பதைத் திரும்பிப் பார்க்கும்போது, தோட்டம் கையைவிட்டுப் போகவில்லை என்று மனசு சொன்னது. அதை நினைத்து இன்னொரு இழுப்பு இழுத்தான்.

வெள்ளிக்கிழமை சூரியன் மலையைத் தொடுகிற நேரத்தில் வனத்தாயி வந்தாள். பின்னாலேயே சின்னமாயன், கையில் டார்ச் லைட்டோடு. கடைசிச் சாலின் கடைசி முழத்தை நாலு பேரும் முக்கி முனகி இழுத்து முடித்து, வரப்பில் பொத்தென்று விழுந்தார்கள்.

வனத்தாயி தோட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தாள். ஒரு மண்கட்டியை எடுத்து உதிர்த்துப் பார்த்தாள். குறை சொல்ல இடமில்லை.

"பரவாயில்ல, சொன்ன நாளைக்கு உழுதுட்டீக. தோட்டம் உங்க கையிலயே இருக்கட்டும்" என்றாள். "தம்பி, நீ வீட்டுக்குப் போ."

சின்னமாயன் டார்ச்சை இடுப்பில் சொருகிக்கொண்டு போனான். சுருளியாண்டிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் எதிலும் ஜெயித்ததில்லை. இதுதான் முதல் தடவை. எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் படுத்தபடியே மீசையை முறுக்கினான்.

வனத்தாயி கயிற்றைப் பார்த்தாள். நாலு பேர் தோளிலும் இருந்த தழும்பைப் பார்த்தாள். டீசல் இல்லாமல் நின்ற டிராக்டரைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

"ஏங்க, இழுத்தது பூராம் நீங்கதான. பின்னாடி இருக்கிற கலப்பைய மட்டும் கழட்டி இழுத்திருந்தா பாதி வேலைதான. அம்புட்டுப் பெரிய இரும்ப எதுக்குங்க சேத்து இழுத்தீக?"

ஒச்சப்பனுக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஜக்கையன் யோசிக்கவே இல்லை. சுருளியாண்டிதான் சுருக்கென்று எழுந்து உட்கார்ந்தான். ஜெயித்த அன்றைக்கே இப்படி ஒரு அவமானமா என்று அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன பேச்சுப் பேசுற? வெறும் கலப்பைய இழுக்கிறதுக்கு நாங்க என்ன மாடா?"